ஒற்றை ஆளுக்கு உலை

என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை சைகோனுக்குக் கப்பல் ஏறியபோது எனக்கு இருபது வயது. அங்கே துறைமுகக் கிடங்கு ஒன்றில் அவருக்குக் காவல் வேலை. பாகூர்ப் பக்கத்து ஊர்களில் அப்போது தெருவுக்கு இரண்டு பேராவது சைகோனில் இருந்தார்கள். அதனால் அவர் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் அதற்கு முந்தின வருஷம்தான் கண்ணை மூடியிருந்தார். பிள்ளை இல்லை. வீட்டில் நான் ஒருத்தி.

புறப்படும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வூட்ட மட்டும் பூட்டிட்டுப் போயிடாத. அண்ணன் கூப்ட்டாலும் போவாத. மூணு வருஷத்துல வந்துடுவேன்."

அண்ணன் வீடு அடுத்த தெருவில் இருந்தது. சொத்துப் பிரிக்கும்போது அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றிப் போய், இந்த வீடு எங்கள் பங்குக்கு வந்ததே அவர்களுக்கு ஆறாத புண். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அண்ணன் தன் மாடுகளைக் கொண்டுவந்து கூடத்தில் கட்டிவிடுவார் என்று என் வீட்டுக்காரர் நம்பினார். நானும் நம்பினேன். ஏம்பலத்தில் என் பிறந்த வீட்டுக்குக்கூட நான் போய்த் தங்கவில்லை.

முதல் வருஷம் கடிதமும் பணமும் ஒழுங்காக வந்தன. பிறகு சண்டை வந்தது. பிரான்சு விழுந்துவிட்டது என்று மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரன் முனிசிபல் கச்சேரியில், பேசிக்கொண்டார்கள். சைகோனில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்றார்கள். கப்பல் நின்றது. கடிதமும் நின்றது. பர்மா அரிசி வராமல் போனதும் கடைகளில் விலை ஏறிற்று, சாமான் குறைந்தது. எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வாரத்துக்கு விட்டிருந்ததால் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பங்கு நெல் குதிருக்கு வந்துவிடும். அதனால் பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் சோற்றை எத்தனை நாள் தின்பது?

நான் கடைக்குப் போவதை நிறுத்தியதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. அதை இப்போது சொல்லலாம். கடையில் காலை வைத்ததும் யாராவது ஒருவர் கேட்பார், "கடுதாசி வந்துச்சா?" நல்ல மனசோடுதான் கேட்பார்கள். இல்லை என்று சொன்னதும் ஒரு 'த்சு' கொட்டுவார்கள். அந்த 'த்சு'வை வாங்கிக்கொண்டு கால்படி பருப்போடு திரும்புவது என்னால் முடியவில்லை. ஒரு நாள் பாதி வழி போய்த் திரும்பிவிட்டேன். அன்றைக்குச் சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்து, வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்த்தேன்.

நிறையவே இருந்தது. மாமியார் இருந்த காலத்துப் பழக்கத்தில், கோடை வந்தால் ஆறேழு பேருக்கு வேண்டியதைக் காய வைத்து எடுத்து வைக்கும் கை எனக்கும் வந்துவிட்டிருந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் கடுகும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காய வைத்த தாளிப்பு வடகம் ஒரு பானை. கொத்தவரை வத்தல், மணத்தக்காளி வத்தல், மாவத்தல். செம்மண் கட்டிய மொச்சை. மணலில் புதைத்த பலாக்கொட்டை. உப்புப் போட்டு அமுக்கிய புளி. நெத்திலிக் கருவாடு. பரணில் கயிற்று உறியில் தொங்கிய மூன்று பூசணிக்காய். இவ்வளவையும் பார்த்ததும் ஒரு தைரியம் வந்தது. இது தீரும்வரை நான் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வந்த தைரியம் அது.

இருப்பதை வைத்துச் சமைப்பதில் சாமர்த்தியம் வேண்டும் என்பார்கள். எனக்கு முதலில் வந்தது சாமர்த்தியம் இல்லை, குழப்பம். ஒரு ஆளுக்குப் பொங்கத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பானையில் ஒரு பிடி அரிசியைப் போட்டால் அது அடியில் எங்கோ கிடந்தது. தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது, சோறு கொதிக்கிற சத்தம் வரவில்லை. அடி பிடித்தது, இல்லை குழைந்தது. கடைசியில் மாமியாருக்குக் கஷாயம் காய்ச்சிய சின்னச் சட்டியைத் தேய்த்துக் கழுவி அதில் பொங்க ஆரம்பித்தேன். ரொம்ப நாள் சோற்றில் சுக்கு வாசனை வந்துகொண்டிருந்தது.

மெல்ல மெல்லக் கை பழகிற்று. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளி கரைப்பேன். பருப்புக்குப் பதில் வடித்த கஞ்சியை ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்குவேன். ஒருநாள் வைத்த வத்தக்குழம்பை நாலு நாள் சுண்ட வைப்பேன். நாலாம் நாள் அது குழம்பாக இருக்காது, தொட்டுக்கொள்ளத்தான் ஆகும். பூசணியின் சதை இரண்டு நாளைக்கு, தோல் துவையலுக்கு, விதை வறுத்துத் தின்ன. ஊறுகாய் ஜாடி காலியானால் அதற்குள்ளேயே சூடான சோற்றைப் போட்டுக் குலுக்கிச் சாப்பிடுவேன். நெல் குத்தினால் வரும் நொய்யைச் சாதாரண நாட்களுக்கும், முழு அரிசியை வெள்ளிக்கிழமைக்கும் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பது அதனால்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற நாட்களுக்குள் வித்தியாசமே இல்லை.

ஒருநாள் கோழி ஒன்று வடகம் காய்கிற பாய்மேல் ஏறிவிட்டது. "ச்சூ, போ" என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கரகரவென்று ஏதோ வந்தது. யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கும் அதற்கு முந்தின இரண்டு நாளும் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அதற்குப் பிறகு சமைக்கும்போது சும்மா ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். "உப்பு போட்டாச்சா? போட்டாச்சு." இப்படி.

சாமான் அறையில் ஒரு பலகையை மட்டும் நான் தொடுவதில்லை. அதில் அவருக்கென்று வைத்திருந்தேன். மாட்டுப்பொங்கலுக்கு வெட்டிய ஆட்டில் எங்களுக்கு வந்த கறியில் மஞ்சளும் உப்பும் தடவி, சரமாகக் கோத்துக் காய வைத்த உப்புக்கண்டம். நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி. சீரகச் சம்பா அரிசி கொஞ்சம். எல்லாம் அவருக்குப் பிடித்தவை. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் வைப்பேன். சாயங்காலம் மறுபடி பலகையில் ஏற்றிவிடுவேன்.

ஓரகத்தி, அதாவது அண்ணன் மனைவி, அவ்வப்போது வாசல்வரை வருவாள்.

"ஒண்டியா இன்னாடி பண்ற? ஒருத்திக்கு ஒல வெக்க ஒரு வூடா? அங்க வந்துடு. எங்களோட ஒண்ணா துன்னுட்டுக் கெட."

"இருக்கட்டுங்க்கா. எனக்கு எல்லாம் இருக்குது."

அவள் கண் என் தோளைத் தாண்டி உள்ளே போகும். பானை வரிசையை எண்ணுகிற மாதிரி இருக்கும். எண்ணினாளோ இல்லையோ, எனக்கு அப்படித் தோன்றிற்று. அதனால் இரண்டாம் வருஷம் பானைகள் ஒவ்வொன்றாகக் காலியானபோது காலிப் பானைகளையும் மூடியோடு அதே இடத்தில் வைத்திருந்தேன். அடுப்பை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மூட்டினேன். சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டால் மறுநாளைக்கும் ஆகும். ஆனால் புகை வராத வீட்டை ஊர் கவனிக்கும். அதனால் உலை வைக்காத நாளில் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டேன். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அப்போது அதை ரொம்ப அக்கறையாகச் செய்தேன்.

அதைக் கண்டுபிடித்தது ஓரகத்தி இல்லை. எங்கள் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவரின் மனைவி. சேரியில் வீடு. நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். வைக்கோலும் வரட்டியும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போக, கொல்லைப் பக்கம் வருவாள். முன்வாசலுக்கு அவர்கள் வரக் கூடாது என்பது அன்றைய வழக்கம். நானும் அதை ஒரு நாளும் கேள்வி கேட்டவள் இல்லை.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?" என்றாள் ஒருநாள், வேலிப் படல் அருகே நின்றபடி.

"கேளு."

"உன் வூட்டுல பொக வருது. தாளிக்கிற வாசனதான் வரலியே. நேத்தும் வரல, முந்தாநேத்தும் வரல. இன்னாத்த எரிக்கிற?"

எனக்கு முகம் சுட்டது. உள்ளே போய்விட்டேன். மறுநாள் படலில் ஒரு பனையோலைப் பொட்டலம் செருகியிருந்தது. உள்ளே வயல் நண்டு நாலு, ஒரு கை பண்ணைக்கீரை. நான் ஒரு உருண்டை வடகமும் எலுமிச்சை அளவு புளியும் அதே ஓலையில் கட்டிப் படலில் வைத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது. பேச்சும் அதோடு வந்தது. நண்டை எப்படி உடைப்பது, நத்தையை எத்தனை தண்ணீரில் கழுவுவது, எந்தக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்தால் கசக்காது என்று அவள் கத்திக் கத்திச் சொல்லுவாள். கடிதம் வந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பாகூர் ஏரி தளும்பி, வாய்க்கால் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. எனக்குக் குளிர்க்காய்ச்சல். முதல் நாள் எழுந்து தண்ணீர் எடுத்தேன். இரண்டாம் நாள் எழவில்லை. மூன்றாம் நாளா நாலாம் நாளா தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது பகல் வெளிச்சம் இருந்தது. வீட்டில் தாளிக்கிற வாசனை. கறி வாசனை.

செத்துப் போய்விட்டேனோ என்று நினைத்தேன். பிறகு பெரிய குரல் கேட்டது. அடுப்பங்கரையில் அவள் குந்தியிருந்தாள். புடவையெல்லாம் சேறு. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அவர்கள் தெரு ஆள் யாரும் அங்கே காலை வைத்ததில்லை.

"மூணு நாளா பொகயே இல்ல. வைக்கோல் பொககூட இல்ல. அத்தொட்டு பொறக்கடக் கதவத் தள்ளிகினு வந்தேன். ஏசாத," என்றாள்.

நான் அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தேன். பக்கத்தில் உப்புக்கண்டச் சரம் அறுந்து கிடந்தது. சீரகச் சம்பாப் பானையின் மூடி திறந்திருந்தது. மற்ற பானையெல்லாம் காலி, குதிரில் இருந்தது குத்தாத நெல் என்பதால் அவள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கஞ்சி வைத்திருக்கிறாள்.

"அது அவருக்கு வெச்சது," என்றேன். அழுகை வந்துவிட்டது. கோபத்தில்தான் அழுதேன். அத்தனை மாதம் வெயிலில் வைத்து எடுத்ததை ஒரு நிமிஷத்தில் அறுத்துப் போட்டுவிட்டாளே என்ற கோபம்.

அவள் பயப்படவில்லை. சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அவரு வந்தா நீ இருக்க வேணாமா?"

கஞ்சியை வட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். சம்பா அரிசி குழைந்து, உப்புக்கண்டம் நார் நாராகப் பிரிந்து, மேலே மிளகு. நான் குடித்தேன். இரண்டாம் வட்டிலும் குடித்தேன். பிறகு, "நீயும் ஊத்திக்கோ," என்றேன்.

"நான் கொல்லையில போய்க் குடிக்கிறேன்."

"வெளியில மழ. இங்கயே குந்து."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தாள். இரண்டு பேர் சாப்பிடுகிற சத்தம் அந்த வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நாலு நாள் அவள் வந்து போனாள். எனக்குக் காய்ச்சல் விட்டது.

ஊருக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓரகத்தி வாசலில் நின்று, படி ஏறாமலே பேசினாள்.

"சேரிக்காரிய அடுப்பங்கரையில உட்டியாமே. எங்க கொழுந்தன் வந்தா இன்னா சொல்லுவான்?"

"நீங்க வந்து பார்த்திருந்தா அவ வந்திருக்க மாட்டா."

நான் வாழ்க்கையில் அவளை எதிர்த்துச் சொன்னது அந்த ஒன்றுதான். அதோடு அவள் வருவது நின்றது. தெருவில் மற்றவர்களும் எப்போதாவது நெருப்புக் கேட்டு வருவதை நிறுத்தினார்கள். கோடையில் என் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வரும் இரண்டு பேரும் வேறு கிணற்றுக்குப் போனார்கள். எனக்கு அது ஒரு விதத்தில் நிம்மதி. வைக்கோல் கொளுத்த வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் துணையும் நிலைக்கவில்லை. அடுத்த அறுவடை முடிந்ததும் அவளும் புருஷனும் புதுச்சேரியில் மில் வேலைக்குப் போய்விட்டார்கள். வயலில் வந்தது அவர்களுக்குப் போதவில்லை. போகிற அன்று காலை வந்து, படலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றாள்.

"போய்ட்டு வரம்மா. வேளைக்குத் துன்னு."

"ஒனக்கு வடகம் கட்டி வெச்சிருக்கேன்."

வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. மில்லில் இருந்து திரும்பின ஆட்களிடம் விசாரித்தேன். தெரியவில்லை என்றார்கள். அவள் போன பிறகு வந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கோடையில் காய வைத்தேன், மழையில் எடுத்துச் சமைத்தேன். முதல் தனிமையைவிட இது கஷ்டமாக இருந்தது. முதலில் எனக்கு அப்படி வாய்விட்டுப் பேச ஒரு ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்றே தெரியாதே.

சண்டை முடிந்து, கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்து, ஒருநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். சொல்லாமல், எழுதாமல். தலை பாதி நரைத்திருந்தது. சட்டை எலும்பின்மேல் தொங்கிற்று. நான் அழவில்லை, ஓடிப் போய்க் காலில் விழவும் இல்லை. "உள்ள வாங்க" என்றேன். போய் உலை வைத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

சோறு வடித்து இலை போட்டபோதுதான் பார்த்தேன். பழக்கத்தில் ஒரு பிடிதான் போட்டிருக்கிறேன். வத்தக்குழம்பும் சுண்டியது கொஞ்சம். எல்லாவற்றையும் அவர் இலையில் வைத்தேன்.

"உனக்கு?" என்றார்.

"நான் காலையிலயே சாப்ட்டேன்."

அவர் சோற்றைக் கையால் நடுவில் பிளந்து, பாதியை இலையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"கூட ஒரு ஆளு ரூம்ல இருந்தான். அவனும் தெனமும் இப்படித்தான் சொல்லுவான், சாப்ட்டேன்னு. எடுத்துக்கோ."

"இப்ப எங்க இருக்காரு?"

இல்லை என்பது போல அவர் தலையை ஆட்டினார். அந்த ஆளைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை. சண்டைக்கு நடுவில் என் வீட்டுக்காரரைச் சைகோனிலிருந்து வடக்கே ஹனோய்க்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே கடைசி வருஷம் பஞ்சம். ஜனங்கள் ரோட்டில் விழுந்து கிடந்தார்களாம். இதுவும் அவர் சொல்லித் தெரிந்ததில்லை. கூடக் கப்பலில் வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னது.

வந்து ஒரு மாதமிருக்கும். அவருடைய தகரப் பெட்டியை வெயிலில் வைக்கலாம் என்று திறந்தேன். துணிகளுக்கு அடியில் சின்னச் சின்ன முடிச்சுகள். பிரித்துப் பார்த்தால் காய்ந்த சோற்று உருண்டை, வறுத்த மொச்சை, அரைத் துண்டு வெல்லம். என் அடுப்பிலிருந்து போனதுதான். தினமும் சாப்பிடும்போது ஒரு கவளத்தை எடுத்து வைத்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் இருந்த மாதிரியே முடிந்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினேன். எறும்பு வராமல் இருக்கப் பெட்டியைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் தூவினேன்.

ஒரே வீட்டில் இருந்தோம். ஒருவர் முன்னால் ஒருவர் சாப்பிட எங்களுக்கு வரவில்லை. அவர் கூடத்தில், நான் அடுப்பங்கரையில். அவர் பேச நினைத்தால் அடுப்பங்கரை வாசல்வரை வந்து நிற்பார். பிறகு போய்விடுவார். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்காகவா என்று எனக்குச் சில நாள் தோன்றும். அவருக்கும் தோன்றியிருக்கலாம்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் பாகூர்ச் சந்தைக்குப் போனார். திரும்பும்போது தோளில் ஒரு பெரிய வாளை மீன். வால் தரையில் இழுபட்டது. வந்து என் முன்னால் போட்டுவிட்டு, தப்புச் செய்தவர் மாதிரி நின்றார்.

"நல்லா இருந்துச்சி. வாங்கிட்டேன்."

இரண்டு பேர் எப்படி இதைச் சாப்பிடுவது? நான் அரிவாள்மணையை எடுத்துப் போட்டேன். நடுவில் அறுத்து, ஒரு பாதியைக் குழம்புக்கு ஒதுக்கினேன். மற்ற பாதியைக் கீறி உப்பு வைக்க ஆரம்பித்தேன். அவர் எனக்கு எதிரே வந்து குந்தினார். அவர் அடுப்பங்கரைக்குள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த எடத்துல இன்னும் கொஞ்சம் வை," என்று ஒரு கீறலைக் காட்டினார்.

"நீங்களே வைங்க."

உப்பை அள்ளி, ஒவ்வொரு கீறலிலும் விரலால் அழுத்தி அழுத்தி வைத்தார். ரொம்ப மெதுவாக, ஒரு கல்கூடச் சிந்தாமல். அடுப்பில் மற்ற பாதி கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய், அரிசிப் பானையில் கையை விட்டு, இரண்டு பிடி எடுத்தேன்.